கூண்டுக்குள் ஒரு குடும்பம்



மைசூரு நகரில் விஜயநகர் என்ற பகுதி இருக்கிறது. மாலை நேரத்தில் அங்கே மரங்களில் பச்சைக்கிளிகள் கூட்டமாகக் கத்தும். "அப்பா, எனக்கு ஒரு கிளி பிடித்துக் கொடுங்க" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் பச்சைக்கிளியைப் பிடிக்கக் கூடாது. பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அப்படியானால் எதை வளர்க்கலாம்? பலரும் வாங்குவது காக்டெயில் என்ற பறவை. இது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிளி இனம். நம் நாட்டில் விற்பவை கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. வால் நுனிவரை அளந்தால் சுமார் ஒரு அடி இருக்கும். எடை சுமார் 100 கிராம்தான். தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சு வட்டம். பயந்தால் கொண்டை நிமிரும்.

சில அயல்நாட்டுப் பறவைகளை வளர்க்க அரசிடம் பதிவு செய்ய வேண்டும். மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஆகியவை அப்படிப்பட்டவை. காக்டெயில் அந்தப் பட்டியலில் இல்லை.

சட்டம் தடுக்கவில்லை என்பதால் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் காக்டெயில் 15 முதல் 20 ஆண்டு வரை வாழும். இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்போதும் அது கூண்டில் இருக்கும்.

வீடும் உணவும்

ஒரு ஜோடிக்குக் கூண்டு குறைந்தது மூன்றடி நீளம் இருக்கட்டும். சிறகை முழுதாக விரிக்க இடம் வேண்டும். கம்பிகளுக்கு நடுவே தலை நுழையக் கூடாது. சமையலறையில் கூண்டை வைக்காதீர்கள். நான்ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை, பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். மார்கழிக் குளிரில் திறந்த வராந்தாவிலும் வைக்கக் கூடாது. இருட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் காக்டெயில் மிரண்டு கம்பியில் மோதும். அதற்குச் சிறிய இரவு விளக்கு உதவும்.

தினை, கம்பு, நெல் கொடுக்கலாம். சூரியகாந்தி விதை கொஞ்சம் போதும். கொழுப்பு அதிகம். தானியம் மட்டும் போதாது. கீரை, கேரட், பச்சை மக்காச்சோளம் தினமும் வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓட்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். சாக்லேட், காப்பி, வெண்ணெய்ப்பழம் கூடவே கூடாது. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

இதன் சிறகிலிருந்து மாவு போன்ற தூசி உதிரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் வாங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். கூண்டை ஈரத்துணியால் துடையுங்கள். துடைத்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எச்சத்தின் தூசியால் மனிதருக்கும் காய்ச்சல் வரக்கூடும்.

முட்டையும் குஞ்சும்

ஒன்றரை வயது ஆகும்வரை ஜோடியை முட்டையிட விடாதீர்கள். அதன் பிறகு, ஓர் அடி உயரமுள்ள மரப்பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே மரச்சீவலைப் பரப்பிக் கூண்டில் மாட்டுங்கள். பெண் ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும். பொதுவாக 4 முதல் 6 முட்டை. அப்பாவும் அம்மாவும் மாறி மாறி அடைகாக்கும். பெரும்பாலும் பகலில் ஆண், இரவில் பெண். 18 முதல் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். நான்கைந்து வாரத்தில் குஞ்சுகள் பெட்டியை விட்டு வெளியே வரும். ஆனாலும் பெற்றோர் ஊட்டிக்கொண்டுதான் இருக்கும். எட்டு முதல் பத்து வாரத்தில், தானாகத் தின்னப் பழகிய பிறகே குஞ்சைப் பிரிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. முட்டை வெளியே வராமல் உள்ளே சிக்கிக்கொள்வதுதான் அது. பெண் சிறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கும், முக்கும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்தால் செத்துவிடும். கதகதப்பாக வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சுண்ணாம்புச் சத்துக் குறைவு, குளிர், சிறு வயது, ஓயாமல் முட்டையிடுவது எல்லாம் இதற்குக் காரணம். அதனால் ஆண்டுக்கு இரண்டு முறைக்குமேல் வேண்டாம். பிறகு பெட்டியைக் கழற்றிவிடுங்கள். பொரிக்காத முட்டையை உடனே எடுத்தால் பெண் மறுபடியும் முட்டையிடும். மூன்று வாரம் அப்படியே விட்டுவைப்பது நல்லது.

கணக்குப் போடுங்கள்

ஒரு முறைக்கு 5 குஞ்சு என்று வைப்போம். இரண்டு முறைக்கு 10. மூன்று ஆண்டில் 30 குஞ்சுகள். அவற்றுக்கு 30 பறவைகளின் இருபதாண்டுச் சாப்பாடும் இடமும் வேண்டும். விற்றுவிடலாம் என்கிறார்களா? வாங்குபவர் அலுத்துப்போனால் அந்தப் பறவை எங்கே போகும்? வெளியே பறக்கவிட்டால் இங்கே இரை தேடத் தெரியாது. காகமும் பூனையும் விடாது. மைசூரிலேயே ஊட்டி சாலையில் சுகவனம் என்ற கிளிப் பூங்கா உண்டு. 468 வகைப் பறவைகளுக்காக 2017-இல் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. அடிபட்ட, கைவிடப்பட்ட கிளிகளுக்கும் அங்கே இடம் கொடுக்கிறார்கள். ஆனால் எல்லா ஊரிலும் அப்படி ஓர் இடம் இல்லை.

ஆகவே நண்பர்களே, பெட்டியை மாட்டுமுன் குஞ்சுகளுக்கு வீடு தேடுங்கள். வீடு கிடைக்கவில்லையா? பெட்டி வேண்டாம். ஜோடி ஜோடியாகவே சந்தோஷமாக இருக்கும். பச்சைக்கிளி மரத்தில் கத்தட்டும். காக்டெயில் வீட்டில் விசிலடிக்கட்டும்.