அப்பாவுக்கு ஒரு புத்தகம்



ஜூன் மாதத்து மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினம். அப்பாவுக்குச் சாரம் வாங்குவோம், சேர்ட் வாங்குவோம், கைக்கடிகாரம் வாங்குவோம். புத்தகம் வாங்குகிற பிள்ளைகள் குறைவு. வாங்குகிறவர்களிலும் பலர், "அப்பாவுக்குக் குடுக்க நல்லதா ஒண்டு தாங்கோ" என்று கடைக்காரரிடமே பொறுப்பை விட்டுவிடுகிறார்கள். அவர் எடுத்துத் தருவது அநேகமாகப் பொன்னியின் செல்வனாக இருக்கும். கல்கியை நானும் விரும்பி வாசித்தவன். ஆனால் கடைக்காரருக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது. அவரைத் தெரிந்தவர் நீங்கள். புத்தகம் தெரிவு செய்வது ஒரு கலை என்றால், அதில் முக்கால் பங்கு அப்பாவைக் கவனிப்பதுதான்.

முதலில் ஒன்றைத் தவிர்த்துவிடுவோம். நீரிழிவைக் கட்டுப்படுத்துவது எப்படி, கோபத்தை அடக்குவது எப்படி என்ற வகைப் புத்தகங்களை அப்பாவுக்குப் பரிசாகக் கொடுக்காதீர்கள். அதைப் பிரித்துப் பார்க்கும் அப்பாவுக்குத் தன்னைப் பற்றிய முறைப்பாடு ஒன்று கையில் கிடைத்தது போலிருக்கும். மருத்துவர் சொல்ல வேண்டியதை மருத்துவர் சொல்லட்டும்.

இங்கே திருகோணமலை உப்புவெளியில் நின்று பார்த்தால் எத்தனை விதமான அப்பாமார்! கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். துறைமுகத்திலும், சீனக்குடா மாவு ஆலையிலும், சீமெந்துத் தொழிற்சாலையிலும் வேலை செய்து ஓய்ந்தவர்கள் இருக்கிறார்கள். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல் வைத்திருப்பவர்கள் உண்டு. கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஆங்கிலப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிக்கிற ஐயாமாரும் உண்டு.

கடலறிந்த அப்பாவுக்கு முதலில் என் மனதில் வருவது மூதூர் வ.அ. இராசரத்தினம். 1925இல் பிறந்து 2001இல் மறைந்த ஆசிரியர். அவருடைய 'தோணி' என்ற சிறுகதைத் தொகுதி இலங்கையின் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. கொட்டியாரக் குடாவின் காற்றும் உப்பும் தெரிந்த ஒருவர் எழுதியதை, அதே குடாவில் வலை போட்டவர் வாசிக்கும்போது எழுத்தாளரோடு வாதாடவும் செய்வார். "அந்தக் காத்துக்கு அப்பிடி வள்ளம் போகாது" என்பார். அப்படிச் சொல்ல வைத்த புத்தகம் வெற்றி பெற்ற பரிசு. பெரிய நாவல் வாசிக்கும் பொறுமை உள்ளவருக்கு ஜோ டி குரூஸ் இருக்கிறார். 'ஆழி சூழ் உலகு' பரதவர் வாழ்க்கையைச் சொல்வது. 2009இல் வந்து, 2013இல் இந்திய சாகித்திய அகாதமி விருது பெற்ற 'கொற்கை' தூத்துக்குடித் துறைமுகத்தின் கதை. அங்கிருந்து கொழும்புக்கு ஓடிய தோணிகளைப் பற்றி நமது துறைமுகத்தில் நின்றவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

வயல்கார அப்பாவுக்கு ஜப்பானிய விவசாயி மசானபு ஃபுகோகா எழுதிய 'ஒற்றை வைக்கோல் புரட்சி' தமிழில் கிடைக்கிறது. உழாமல், உரம் போடாமல் நெல் விளைவித்தவர் அவர். அதை அப்பா ஏற்றுக்கொள்ள மாட்டார். பரவாயில்லை, ஒரு போகம் முழுக்க அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

சரித்திரக் கதைப் பிரியரான அப்பாமார் கல்கியையும் சாண்டில்யனையும் எப்போதோ வாசித்து முடித்திருப்பார்கள். அவர்களுக்கு நம்மூர்ப் பிள்ளை ஒருவர் எழுதியதைக் கொடுக்கலாமே. திருகோணமலை தி.த. சரவணமுத்துப்பிள்ளை நாயக்கர் காலத்தைக் களமாக வைத்து எழுதிய 'மோகனாங்கி' 1895இல் சென்னையில் வெளியானது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள். பொன்னியின் செல்வன் தொடராக வரத் தொடங்கியது 1950இல். அதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் முந்தியவர் நம்மவர். வாப்பாவுக்குத் தேடுகிறவர்கள் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட அசன்பேயின் கதையைப் பாருங்கள். ஈழத்துத் தமிழ் நாவல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆங்கிலம் வாசிக்கும் ஐயாவுக்கு நான் ரொபர்ட் நொக்ஸ் எழுதிய புத்தகத்தைச் சொல்வேன். இந்தப் புத்தகத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது ஒரு தகப்பனும் மகனும் பட்ட பாடு. புயலில் பாய்மரம் இழந்த அவர்களுடைய கப்பல் திருத்த வேலைக்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கப்பல் தலைவரான தகப்பனும், பத்தொன்பது வயது மகனும், கூட வந்தவர்களும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். அடுத்த ஆண்டே தகப்பன் காய்ச்சலில் இறந்தார். மகன் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து, 1679இல் அரிப்பு என்ற ஊருக்குத் தப்பிப் போய், 1681இல் லண்டனில் இந்தத் தீவைப் பற்றிய நூலை வெளியிட்டார். நெல் விதைப்பதும் வரி கட்டுவதும் எப்படி நடந்தன என்பது வரை அதில் எழுதியிருக்கிறார். தகப்பனை அடக்கம் செய்த பின் தானும் நோயில் கிடந்தபோது, ஒரு கிழவர் எங்கோ கிடைத்த ஆங்கில வேதாகமத்தைக் கொண்டுவந்தாராம். பின்னல் தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை நொக்ஸ் வாங்கினார். ஆசையைக் காட்டினால் கிழவர் கூடக் கேட்பாரோ என்று பயந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நமது கரையில் தொடங்கும் இந்தக் கதையை நமது அப்பாமாரில் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்?

இனி, வாசிக்காத அப்பா. பள்ளிக்கூடம் பாதியில் நின்றவர் இருப்பார், கண் மங்கியவர் இருப்பார். இவர்களுக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்பவர்கள் நமது கோயில்களை மறந்துவிட்டார்கள். கந்தபுராணப் படிப்பில் ஒருவர் பாட்டை வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்ல, ஊரே இருந்து கேட்டது. எழுத்தறியாதவர்களும் புராணத்தைத் தலைகீழாகச் சொன்னது அப்படித்தான். புத்தகத்தோடு உங்கள் குரலையும் கொடுங்கள். பின்னேரத்தில் பத்துப் பக்கம் வாசித்துக் காட்டப் பேரப்பிள்ளையைப் பழக்குங்கள். வாங்கும்போது எழுத்தின் அளவைப் பாருங்கள். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாகக் கட்டிய மலிவுப் பதிப்பைப் படுத்திருந்து பிடிக்க முடியாது, பொடி எழுத்து அறுபது வயதுக் கண்ணுக்குப் பிடிபடாது.

கடைசியாகச் சொல்லப் போவதையே நான் எல்லாவற்றிலும் மேலான பரிசாக நினைக்கிறேன். நமது மாவட்டத்தில் போரில் இடம்பெயராத குடும்பம் அரிது. ஓடும்போது அடையாள அட்டையும் பிள்ளைகளும்தான் கையில் இருந்தன, அலுமாரி வீட்டோடு போனது. பிறகு 2004 டிசம்பர் 26ஆம் திகதி, உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் மிஞ்சியதையும் சுனாமியாக வந்த கடல் கொண்டுபோனது. உங்கள் அப்பாவிடமும் அப்படித் தொலைந்துபோன ஒரு புத்தகம் இருந்திருக்கலாம். பள்ளிக்கூடப் பரிசாகக் கிடைத்ததாக இருக்கலாம், அட்டை கிழிந்த பஞ்சாங்கமாகவோ தேவாரத் திரட்டாகவோகூட இருக்கலாம். அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நாமும் கேட்பதில்லை. அதே புத்தகத்தைத் தேடிக் கொடுப்பதற்கு ஈடான பரிசு எனக்குத் தெரியவில்லை. தேடுவதற்கு இன்று வழி உண்டு. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் ஈழத்தில் வெளிவந்த பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் ஆயிரக்கணக்கில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. திரையில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெருப்பித்தும் வாசிக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். அடுத்த முறை வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கும்போது, காசு வந்ததா, மருந்து எடுத்தீர்களா என்று கேட்ட பிறகு, "அப்பா, நீங்கள் வைத்திருந்த புத்தகங்களில் எது இப்பவும் ஞாபகத்தில நிக்குது?" என்று கேளுங்கள். சொல்லும் பெயரை உடனே எழுதிக்கொள்ளுங்கள்.