காலி டின் காலியல்ல

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் சங்கத்தின் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீடு என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று இங்கே குப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதற்காகவா ஞாயிற்றுக்கிழமை கூட்டம்?" என்று சிலர் முணுமுணுப்பது எங்கள் காதில் விழுகிறது. தொழிலாளியின் உடலையும் உயிரையும் காப்பது சங்கத்தின் முதற்கடமை. அந்த உயிருக்கு உலை வைக்கும் பொருள் ஒன்று நம் லயத்து வாசலிலேயே கிடக்கும்போது, அதைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

மருந்தடித்து முடித்த காலி டின்னைத்தான் சொல்கிறோம்.

நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்த காலத்தில் அந்த டின்களை ஸ்டோருக்குப் பின்னால் எறிந்துவிடுவார்கள். எங்கள் தாய்மார் அவற்றை ஓடைக்கு எடுத்துப்போய், மணல் போட்டுத் தேய்த்து, சவர்க்காரத்தால் கழுவி, கூரைத் தண்ணீர் பிடிக்க வைப்பார்கள். அந்தத் தண்ணீரில்தான் நாங்கள் குளித்தோம். தாய்மார்மீது நாங்கள் குற்றம் சொல்லவில்லை. வாளி வாங்கக் காசில்லாத குடும்பம் கைக்குக் கிடைத்ததைத்தானே எடுக்கும்? டின்னில் அச்சடித்திருந்த எச்சரிக்கை அவர்கள் படிக்க அறியாத மொழியில் இருந்தது. படித்துச் சொல்லவும் ஒருவரும் வரவில்லை.

தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்கள் படும் துன்பத்தைத் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் ஆய்வு நூலாகவே வெளியிட்டது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு முறிமருந்து கிடையாது. அதே 2002-இல் அரசாங்கம் அதற்குத் தடை அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. ஆனால் தோழர்களே, ஒரு மருந்து போனால் இன்னொரு மருந்து வருகிறது. டின்கள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டேயிருக்கின்றன.

ஓடையில் எறிந்தது ஓடையோடு போய்விடும் என்று எண்ணிவிடலாகாது. 2019 மார்ச் மாதத்தில் ஜொகூர் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். மூச்சுத் திணறியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. கொட்டியது ஒரு கை. வருந்தியது ஊர் முழுவதும்.

இனி, காலி டின்னை என்ன செய்வது? மருந்து தீர்ந்த உடனேயே டின்னில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் தோம்பிலேயே ஊற்றிவிட வேண்டும். கால்வாயில் ஊற்றக் கூடாது. இப்படி மூன்று முறை செய்யவேண்டும். பிறகு டின்னில் ஓட்டை போட்டுவிட வேண்டும். ஓட்டை விழுந்த டின்னில் எவரும் தண்ணீர் பிடிக்க முடியாதல்லவா? அதன்பின் அது பூட்டிய அறைக்குப் போக வேண்டும்; லயத்துக்கு வரவே கூடாது.

சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதுமா? போதாது. இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். முன்பு ஒரு தோட்டத்தில் குப்பையைப் பிரிப்பது பற்றிப் பேசினோம். காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும் ஆரஞ்சு, கண்ணாடிக்குப் பழுப்பு என்று தொட்டிகள் வைத்தோம். படமும் பிடித்துக்கொண்டு திரும்பினோம். ஒரு மாதம் கழித்துப் போனால் மூன்றிலும் ஒரே குப்பை! ஓர் அம்மா கேட்டார்: "நாங்கள் பிரித்துத்தான் வைத்தோம், தம்பி. எடுத்துப்போக வண்டி எங்கே?" எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பல மாநிலங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்பது விதி. வண்டி வராத லயத்தில் அந்த விதி என்ன செய்யும்? குப்பையை எரிப்பார்கள்; அந்தப் புகையைப் பிள்ளைகள் சுவாசிப்பார்கள்.

ஆகவே பாடமும் ஏற்பாடும் சேர்ந்தே வர வேண்டும். அதற்குப் பல கைகள் தேவை. நிர்வாகம் மருந்து கலக்கும் இடத்தில் தண்ணீரும் பூட்டுள்ள அறையும் தரவேண்டும். டின்களை உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். நச்சுப்பட்ட கலன்கள் 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளுக்கு உட்பட்டவை என்பதை மேனேஜரும் அறிவார். நகராண்மைக் கழகம் வண்டியும் நாளும் குறித்துத் தரவேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குக் காகிதம், போத்தல் பிரிக்கக் கற்றுத்தரட்டும். விற்ற காசு பள்ளி நூலகத்துக்குப் போகட்டும். மருந்து டின்னை மட்டும் எந்தப் பிள்ளையும் தொடக் கூடாது.

சங்கத்தின் வேலை என்ன? 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். நம் தோட்டத்துக் குழு கடைசியாக எப்போது கூடியது? மருந்தடிக்கும் பெண் ஒருவராவது அதில் இருக்கிறாரா? நாளைப் பெரட்டில் இதைக் கேளுங்கள்; மரியாதையாகக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இன்று நம்மோடு இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களும் நிரை பிடிக்கிறார்கள். நம் தாய்மாருக்கு அன்று புரியாத எச்சரிக்கை இன்று அவர்களுக்கும் புரியாமல் போகலாமா? பக்கத்தில் நின்று செய்து காட்டுங்கள். கையால் காட்டியதற்கு மொழி வேண்டியதில்லை.

அடுத்த மாதக் கோத்தோங் ரோயோங்கில் முதல் வேலையாக லயத்தைச் சுற்றிக் கிடக்கும் பழைய டின்களை நிர்வாகத்தின் பொறுப்பில், கையுறை அணிந்து அகற்றுவோம். கூரைத் தண்ணீர் பிடிக்க நல்ல வாளி இல்லாத வீடுகளின் கணக்கைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். வாளி கொடுக்காமல் டின்னைப் பறிப்பது நியாயமாகாது.

நம் தாய்மார் அறியாமல் செய்தார்கள். அறிந்த நாம் அதைத் தொடர்ந்தால் நம் பிள்ளைகள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். கூடிச் செய்வோம்.