லதா எழுத்தும் பேராசிரியர் ஜோஷியும்

பிற மாநிலங்களில் வாழும் நமக்குத் தெருவிலும் அலுவலகத்திலும் தமிழ் காதில் விழுவது அரிது. ஊரிலிருந்து வரும் மடலிலும் செய்தித்தாளிலுமே அதனைக் காண்கிறோம். ஆனால், அந்த எழுத்துக்கு வடிவம் அமைத்தவர் யார் என்று நாம் எண்ணுவதில்லை. அத்தகையோருள் ஒருவர் ரகுநாத் கிருஷ்ண ஜோஷி.

1936-இல் பிறந்த ஜோஷி மராட்டியர், கவிஞர், எழுத்தோவியத்தில் வல்லவர். மும்பையில் விளம்பரத் துறையில் பணியாற்றிய பின், 1983 முதல் 1996 வரை பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைப்புப் பேராசிரியராக விளங்கினார். அதன்பின் இந்திய மொழிகளுக்குக் கணினி எழுத்துக்களை அமைப்பதில் ஈடுபட்டார்.

அக்காலத்தில் தமிழ்க் கணினியின் நிலை என்ன? ஒவ்வோர் இதழும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறையைக் கையாண்டது. சென்னையில் தட்டிய மடல் தில்லியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று வகுத்த யூனிகோடு இக்குழப்பத்திற்கு வழி காட்டியது. எனினும் எண்ணைக் கண் படிக்க இயலாது. அதற்கு உருவம் வேண்டுமன்றோ?

விண்டோஸ் 2000 கணினி முறையில் தேவநாகரிக்கு 'மங்கள்' எழுத்தும், தமிழுக்கு 'லதா' எழுத்தும் இடம்பெற்றன. இரண்டும் ஜோஷியின் நெறியாளுகையில் உருவானவை. 'லதா'வில் அவருடன் வினய் சாய்னேகரும் உழைத்தார்.

இப்பணி எளிதன்று. கு, து, பு, மு ஆகிய நான்கிலும் ஒலிப்பது ஒரே உகரம். வடிவமோ ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. 'கொ' என்பதில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. இவை யாவும் பிழையின்றி அமைந்தால்தான் தமிழன் அதனைத் தன் எழுத்தென்று ஏற்பான். நுண்கோடுகள் மங்கிவிடும் அந்நாளையத் திரைக்கு ஏற்பச் சீரான தடிப்புடைய கோடுகளால் 'லதா' அமைந்தது. அழகில் அதனை விஞ்சும் எழுத்துக்கள் பின்னர் வந்தன என்பது உண்மையே. ஆயினும் தனி எழுத்தைத் தேடி நிறுவும் தொல்லையின்றித் தமிழ் மடலைப் படிக்கப் பலருக்கு முதலில் உதவியது அதுவே.

ஜோஷி 2008-இல் மறைந்தார். மராட்டியர் ஒருவர் உருவாக்கிய எழுத்தில் தமிழ் நம் வீடு தேடி வந்தது. இன்று கைப்பேசியிலும் தமிழ் இருக்கிறது. நம் குழந்தைகளுக்கு அதனைப் படிக்கத் தெரியாவிடில் அவ்வுழைப்பால் பயன் என்ன? கற்பிக்க வேண்டியவர்கள் நாமே.