தாலி கட்டும் நேரத்தில் நிற்கும் படம்



வீட்டுக் கணினியில் இருக்கும் வீடியோவை, கம்பி எதுவும் இழுக்காமல், ஹாலில் இருக்கும் டிவியில் பார்ப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. பெங்களூரில் வீடு வீடாகப் போய்க் கணினியும் வைஃபையும் சரிசெய்து கொடுப்பது என் தொழில். போகிற வீடுகளில் திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறேன். ஹாலில் சுவர் நிறைய டிவி. மகளின் கல்யாண வீடியோ, பேரனின் முதல் பிறந்தநாள், இன்று உயிரோடு இல்லாத தாத்தா பேசிச் சிரித்த நாலு நிமிடம், இவையெல்லாம் உள்ளறையில் ஒரு பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கில். பார்க்க ஆசை இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றப் போனால், 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை வாங்க மாட்டேன் என்கிறது. அதோடு விட்டுவிடுகிறார்கள்.

முதலில் ஒரு தயக்கத்தைப் போக்கிவிடுகிறேன். “டேட்டா தீர்ந்துபோகுமே சார்” என்று பலர் கேட்கிறார்கள். தீராது. உங்கள் கணினியில் இருந்து உங்கள் டிவிக்குப் போகிற படம் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. கணினி, ரவுட்டர், டிவி, இந்த மூன்றுக்குள்ளேயே அதன் பயணம் முடிந்துவிடுகிறது. தெருவில் பள்ளம் தோண்டி இணையக் கேபிளை அறுத்துவிட்டாலும், ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் வீட்டுப் படம் ஓடும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கணினித் திரையை அப்படியே டிவியில் காட்டுவது. விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் பொத்தானையும் கே எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், பக்கத்தில் இருக்கும் டிவிகளின் பெயர் வரும். 2012-ல் வந்த மிராகாஸ்ட் என்ற ஏற்பாடு இது. போட்டோ காட்டவும் பாடம் நடத்தவும் நன்றாக உதவும். இரண்டாவது வழி, திரையை விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் அனுப்புவது. கணினி அலமாரி வேலையைப் பார்க்கும், டிவி தானே எடுத்துப் படித்துக்கொள்ளும். சினிமா, கல்யாண வீடியோ போன்ற நீளமான படங்களுக்கு இரண்டாவதுதான் சரியான வழி. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அல்சூரில் ஒரு வீட்டுக்கு உங்களை அழைத்துப் போக வேண்டும்.

அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். மகளின் கல்யாண வீடியோவை டிவியில் ஓடவிட்டிருக்கிறார்கள். நலங்கு நன்றாக ஓடுகிறது. காசி யாத்திரை ஓடுகிறது. ஊஞ்சலும் ஓடுகிறது. தாலி கட்டும் நேரம் வந்ததும் படம் நின்று வட்டம் சுற்றுகிறது. “ஏம்ப்பா, எத்தனை தடவை போட்டாலும் சரியா தாலி கட்டுறப்பதான் நிக்குது. மனசுக்கு என்னமோ மாதிரி இருக்குப்பா” என்றார். குரலில் உண்மையான கலக்கம். “அம்மா, ஒண்ணும் பயப்படாதீங்க. இது அட்சதை செய்யற வேலை” என்றேன்.

விளக்குகிறேன், நேயர்களே. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இன்றைய டிவித் திரையில் சாதாரணமாகக் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. பெருக்கினால் இருபது லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண். நொடிக்கு 25 படம். இதை உள்ளது உள்ளபடி எழுதி வைத்தால் ஒரு மணி நேரக் கல்யாண வீடியோவுக்கு 560 ஜிபி இடம் வேண்டும். ஆனால் உங்கள் கோப்பின் அளவைப் பாருங்கள், மணிக்கு மூன்றரை ஜிபி அளவில்தான் இருக்கும். நூற்றைம்பதில் ஒரு பங்கு! மீதி எங்கே போனது?

போன விதம் இரண்டு. முதலாவது, அசையாததைத் திரும்பச் சொல்லாமல் விடுவது. மண்டபத்துத் தூண், பின்னால் கட்டிய திரைச்சீலை, நாதஸ்வரக்காரரின் நாற்காலி எதுவும் நகரவில்லை. ஒரு முறை சொன்னால் போதும். நகர்ந்த கையைப் பற்றியும், “முந்தைய படத்தில் இங்கே இருந்தது, இப்போது இவ்வளவு தள்ளி இருக்கிறது” என்று மட்டும் குறித்துவைப்பார்கள். இப்போது தாலி கட்டும் நேரத்துக்கு வாருங்கள். கெட்டிமேளம் முழங்குகிறது, முந்நூறு பேர் எழுந்து நின்று அட்சதையைத் தூவுகிறார்கள். ஆயிரக்கணக்கான மஞ்சள் அரிசி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். கூடவே கேமரா ஃப்ளாஷ் வெட்டுகிறது. முந்தைய படத்தைப் பார்த்து அடுத்த படத்தைச் சொல்ல வழியே இல்லை. எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். அந்தச் சில நொடிகளில் மட்டும் தகவல் பல மடங்கு பெருகும். அந்த வீட்டு வைஃபை அதற்கு முன்பே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அட்சதை விழுந்ததும் நின்றுவிட்டது. அந்த அம்மா கலங்க அதில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது விதத்துக்கு வருகிறேன். இது நம் ஊர்க் கதை.

அடுத்த முறை படம் தடுமாறும்போது திரைக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பட்டுப்புடவையின் ஜரிகை சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து தெரியும். படத்தை எட்டுக்கு எட்டு புள்ளி என்பது போன்ற சிறு கட்டங்களாகப் பிரித்துக் கையாள்வதால்தான் அந்தச் சதுரம். ஒரு கட்டத்தில் 64 புள்ளி, 64 எண். அந்த எண்களை ஒவ்வொன்றாகச் சொல்வதற்குப் பதில், “இந்தக் கட்டம் மொத்தத்தில் எவ்வளவு வெளிச்சம், இடமிருந்து வலம் மெல்ல எவ்வளவு மங்குகிறது, மேலிருந்து கீழே எத்தனை கோடு ஏறி இறங்குகிறது” என்று அலைகளின் கணக்காக மாற்றிச் சொன்னால் என்ன? பிளஸ் டூவில் கொசைன் படித்திருப்பீர்கள், அந்த அலைதான். மாற்றிப் பார்த்தால் ஓர் அதிசயம். முகம், சுவர், வானம் போன்ற இயற்கையான காட்சிகளில் கனம் எல்லாம் முதல் சில அலைகளிலேயே சேர்ந்துவிடுகிறது. நெருக்கமான, நுண்ணிய அலைகளின் பங்கு சொற்பம். நம் கண்ணும் அவற்றைக் கவனிப்பதில்லை. அவற்றைச் சுழியமாக்கிவிடலாம். 64 எண்ணுக்குப் பதில் ஐந்தாறு எண். டிவி அவற்றைத் திரும்பக் கூட்டி முகத்தை வரைந்துவிடுகிறது.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் நாசிர் அகமது. 1940-ல் இதே பெங்களூரில் பிறந்தவர். பிஷப் காட்டன் பள்ளி மாணவர். கே.ஆர். சர்க்கிளில் விஸ்வேஸ்வரய்யா நிறுவிய பொறியியல் கல்லூரி இருக்கிறதே, யு.வி.சி.இ., அங்கே 1961-ல் பட்டம் பெற்று, அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போனார். கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1972-ல், இந்த யோசனையை ஆராய்ச்சி செய்ய அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பிட்டவர்களில் ஒருவரின் கருத்து! அங்கே பேராசிரியர்களுக்குக் கோடைக்காலத்துக்கு ஆராய்ச்சி நிதியில் இருந்துதான் சம்பளம் வர வேண்டும். 1973 கோடையில் சம்பளம் இல்லாமல், கைச்சேமிப்பில் குடும்பத்தை ஓட்டிக்கொண்டு அவர் இந்த வேலையைச் செய்தார். கூட உழைத்தவர் அவருடைய மாணவர் டி. நடராஜன். டெக்சாஸில் இருந்து சேர்ந்துகொண்ட நண்பர் கே.ஆர். ராவ், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952-ல் பொறியியல் பட்டம் பெற்றவர். மூவர் பெயரிலும் 1974 ஜனவரியில் கட்டுரை வெளிவந்தது. நாலே பக்கம்.

அந்த நாலு பக்கத்தில் இருந்துதான் நம் கைபேசி போட்டோவின் ஜேபெக், டிவிடி, டிஷ் டிவி, வீடியோ அழைப்பு, இன்றைய வீடியோ சுருக்க முறைகளான எச்.264, எச்.265 எல்லாம் கிளைத்தன. கட்டத்தின் அளவும் கணக்கின் நுணுக்கமும் மாறியிருக்கின்றன, மூல யோசனை அதுவே. பெங்களூரின் பங்கு அதோடு நிற்கவும் இல்லை. 2001-ல் இங்கே தொடங்கிய இட்டியம் சிஸ்டம்ஸ் நிறுவனம் எழுதிய நிரல்தான், அந்த எச்.264, எச்.265 படங்களை விரித்துக் காட்டுவதற்காக ஆண்ட்ராய்டின் பொதுத் தொகுப்பில் இருக்கிறது. கே.ஆர். சர்க்கிள் வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிற நேயர்கள், அந்தக் கல்லூரியின் சிவப்புக் கட்டடத்தைக் கடக்கும்போது நாசிர் அகமதுவின் பெயரை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் ஊரில் அந்தப் பெயர் இவ்வளவு குறைவாகத் தெரிந்திருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இப்போது, திரையை அனுப்பாமல் கோப்பை அனுப்பச் சொன்னேனே, அதன் காரணம் தானாகப் புரியும். திரையை அனுப்பும்போது லேப்டாப் என்ன செய்கிறது? சுருக்கி வைத்த படத்தை விரித்துத் தன் திரையில் காட்டி, அதை மறுபடி அவசர அவசரமாகச் சுருக்கி டிவிக்கு அனுப்புகிறது. இரண்டு முறை சுருங்கிய ஜரிகை மங்கிப்போகும். லேப்டாப் சூடாகி, மின்விசிறி இரையும். உதட்டசைவுக்கும் குரலுக்கும் இடைவெளி விழும். கோப்பையே அனுப்பினால், பொறுமையாக ஒரு முறை சுருக்கியது அப்படியே டிவிக்குப் போய், அங்கேதான் விரியும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நேரம் ஓடுகிறது. கணினியில் வீடியோ இருக்கும் ஃபோல்டரைப் பகிர்வதற்குத் திறந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி என்றால் அதில் விஎல்சி என்ற செயலியை இறக்கி, உள்ளே வீட்டு வலையமைப்பைத் தேடினால் உங்கள் கணினியின் பெயர் வரும். விஎல்சி இலவசம். 1996-ல் பாரிஸ் பொறியியல் மாணவர்கள் கல்லூரி வளாகத்துக்குள் கணினிக்குக் கணினி வீடியோ அனுப்பத் தொடங்கியதில் இருந்து வளர்ந்தது அது; இந்த வேலைக்கே பிறந்தது என்று சொல்லலாம். வேறு வகை டிவிகளுக்குக் கணினியில் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருள் உதவும். பெயர் வரவில்லையா? கணினியும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விருந்தினருக்கென்று தனியாக வைத்த வைஃபையில் டிவி மாட்டியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. நான் போகிற பாதி வீடுகளில் சிக்கல் இதுதான்.

மிச்சம் இருப்பது காற்று. வைஃபை என்பதும் வானொலி அலைதான், நீங்கள் இப்போது என் குரலைக் கேட்பதும் வானொலி அலையால்தான். ஒரு காலத்தில் ரேடியோ பெட்டி வைத்திருக்கவே தபால் ஆபீசில் லைசன்ஸ் எடுத்தோம், மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். 2005-ல் நம் அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசன்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் மூன்றுதான். ஒரு அபார்ட்மென்டில் ஐம்பது வீட்டு ரவுட்டரும் அந்த மூன்றில் நெருக்கியடிக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், 2018-ல் இன்னும் அகலமாகத் திறந்தார்கள். சுவரைத் தாண்டுவதில்தான் அது பலவீனம். கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய கல் வீடுகளில் ஒரு சுவருக்கே சோர்ந்துவிடும்.

கம்மனஹள்ளியில் ஒரு வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் படம் விட்டு விட்டு வந்தது. ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவே நாலடி நீளத்தில் அழகான மீன் தொட்டி. தண்ணீர் இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சும். “சார், மீன மட்டும் எங்கயும் மாத்த வேணாம்” என்று வீட்டுப் பையன் கெஞ்சினான். ரவுட்டரை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றினோம், சரியாகிவிட்டது.

அல்சூர் வீட்டில் செய்ததையும் சொல்லி முடிக்கிறேன். அங்கே கணினியும் வைஃபை, டிவியும் வைஃபை. அதனால் ஒரே படம் கணினியில் இருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரில் இருந்து டிவிக்கு ஒரு முறை என்று காற்றில் இரண்டு முறை போனது. இருந்த வேகம் பாதியானது. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஒரு லேன் கேபிளால் கணினியை ரவுட்டரோடு கட்டினேன். டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அவ்வளவுதான் வேலை. கெட்டிமேளமும் அட்சதையும் தடையில்லாமல் ஓட, அந்த அம்மா அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு மறுபடி போடச் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள்: கணினிக்குக் கேபிள், டிவிக்கு 5 கிகாஹெர்ட்ஸ், திரைக்குப் பதில் கோப்பு. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பொறியியல் மாணவர் யாராவது இருந்தால், கல்லூரி நூலகத்தில் அந்த 1974 ஜனவரிக் கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நாலு பக்கம்தான், ஒரு மாலையில் முடித்துவிடலாம்.