மூலநிரல் யாருடையது?



எழுத்தறிவு சிலருக்கே என்று பூட்டி வைத்த சமூகத்தின் வெளிவாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். அறிவின் பூட்டை எதிர்த்து எங்கே போராட்டம் நடந்தாலும் அதை அறிந்துகொள்ளும் தேவை நமக்கு இருக்கிறது.

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் லேசர் அச்சுப்பொறி ஒன்றைத் தந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கியது. பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்போருக்குச் செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தியிருந்தார். புதியதற்கு மூலநிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரிடம் கேட்டார். யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்தார். பழுதும் இருக்கிறது, சரிசெய்யத் தெரிந்தவரும் இருக்கிறார், தொடத்தான் அனுமதியில்லை.

இதையும் தீண்டாமையையும் நாம் ஒன்றாக்கவில்லை. அங்கே மறுக்கப்பட்டது நிரல். நமக்கு மறுக்கப்பட்டது மனித மாண்பு. ஆனால் அறிவைப் பூட்டுகிறவர், மற்றவரை என்றும் தம்மைச் சார்ந்தே வைத்திருக்கிறார். அது இரண்டுக்கும் பொது.

ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1984இல் வேலையை விட்டார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். கோரிக்கை இலவசம் அல்ல, உரிமை: எதற்காகவும் இயக்கலாம், படித்து மாற்றலாம், பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம். 1989இல் வந்த குனூ பொது உரிமம் ஒரு நிபந்தனை வைத்தது: மாற்றி வெளியிடுபவர் அதே உரிமைகளை அடுத்தவருக்கும் தர வேண்டும். பொதுக்குளத்தில் குடித்தவர் அதற்கு வேலி போட முடியாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலும் அடுத்த ஆண்டே இந்த உரிமத்துக்குள் வந்தது.

ஆனால் குளத்தைப் பற்றி நமக்கு இன்னொன்றும் தெரியும். பொதுக்குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானித்தது. மகாட் நகராட்சியும் அதை ஏற்றது. இருந்தும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கரோடு மக்கள் நடந்துபோய்த்தான் சவுதார் குளத்து நீரை அள்ள வேண்டியிருந்தது.

மூலநிரலும் இன்று அப்படித் திறந்து கிடக்கிறது. அதை எட்டக் கணினி வேண்டும், ஆங்கிலம் வேண்டும், கூலிவேலை போக மிஞ்சிய நேரம் வேண்டும். உரிமம் இவற்றைத் தராது. நம் தெரு இரவுப் பாடசாலைகளில், மாணவர் விடுதிகளில், நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். கற்ற மாணவர்கள் தமிழில் கற்பியுங்கள். கற்றவரிடமும் அதே நிபந்தனையைக் கேளுங்கள்: அடுத்தவருக்குக் கற்றுக்கொடு.