துருவை வெல்லும் வழி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியமும் இசையும் முழங்கிய இம்மேடையில் இரும்பைப் பற்றியும் துருவைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். பொருத்தமற்ற பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், "உங்கள் வீட்டுப் பழைய வண்டியை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று சொல்லுங்கள், காலனியில் பலருக்குப் பயன்படும்" என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது மறுக்க இயலவில்லை. தந்தையாருக்கு நாங்கள் இரு மக்கள். இருவரும் சேர்ந்து செய்த வேலையாதலால், இருவர் சார்பிலும் ஒருவர் பேசுகிறோம்.

எங்கள் தந்தையார் 1979ஆம் ஆண்டு வேலூரிலிருந்து பணி நிமித்தம் சித்தூருக்குக் குடிபெயர்ந்தார். 1987இல் தம் சேமிப்பையெல்லாம் திரட்டி ஒரு பிரீமியர் பத்மினி வண்டி வாங்கினார். பம்பாய்க் குர்லாவில் ஃபியட் 1100 என்னும் இத்தாலிய வண்டியின் அமைப்பில் உருவான வண்டி அது. 1974 முதல் பத்மினி என்னும் பெயர் பெற்றது. சித்தோர் அரசி பத்மினியின் பெயரே அதற்கு இடப்பட்டது என்பர். "சித்தோர் அரசி சித்தூருக்கு வந்துவிட்டாள்" என்று தந்தையார் அந்நாளில் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு. பொங்கல்தோறும் அவ்வண்டியில்தான் காட்பாடி வழியாகச் சொந்த ஊர் சென்று வந்தோம். பிழைப்புக்கு இவ்வூர், வேருக்கு அவ்வூர் என்று வாழும் நம் போன்றோருக்கு அத்தகைய வண்டி வெறும் ஊர்தி அன்று. இரண்டு ஊர்களையும் இணைத்த பாலம் என்றே சொல்லவேண்டும்.

பின்னர்த் திருப்பதியில் குடியேறினோம். 2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இந்நகரைச் சூழ்ந்த வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவிலும் வண்டியின் பாதிச் சக்கரம் மூழ்க இரண்டு நாள் நீர் நின்றது. நீர் வடிந்தபின் ஒரு பட்டறையில் வண்டியை விட்டோம். பளபளவென்று திரும்பி வந்தது. அடிப்பகுதி முழுவதும் கரிய தார் பூசியிருந்தார்கள். மகிழ்ந்து பணம் கொடுத்தோம்.

1987இல் பதிவான வண்டிக்கு 2022இல் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அச்சோதனை உண்டு என்பது நீங்கள் அறிந்ததே. அதற்கு முன்னர் முன்சக்கரத்தைக் கழற்றி உட்புறம் நோக்கினோம். தார்ப்பூச்சு ஓரிடத்தில் சற்று உப்பியிருந்தது. திருப்புளியால் மெல்ல அழுத்தினோம். முனை தகட்டைத் துளைத்து உள்ளே போய்விட்டது! தகடு என்று நாங்கள் நம்பியது பட்டியும் தாரும் துருவும் கலந்த ஒரு பொய்ச்சுவர். காயலான் கடைக்குப் போட்டுவிடுங்கள் என்றார்கள் பலர். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு அவர் உணவு கொள்ளவுமில்லை.

சித்தூரில் முதிய டிங்கர் ஒருவரைத் தேடிச் சென்றோம். அவர் வண்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, தெலுங்கும் தமிழும் கலந்த தம் மொழியில், "வெளியே அடிக்கும் பெயிண்ட் பார்ப்பவனுக்கு, சார், உள்ளே செய்யும் வேலைதான் வண்டிக்கு" என்றார். இவ்வுரையின் சாரம் முழுவதும் அந்த ஒரு சொற்றொடரில் அடங்கியுள்ளது.

துரு என்பது யாது? இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் கூடி உருமாறும் நிலையே துரு. அது தான் தின்ற இரும்பைவிட இரு மடங்குக்கு மேல் பருக்கும். ஆகவேதான் மேற்பூச்சு உப்புகிறது. இரு தகடுகள் சேரும் மூட்டு பிளக்கிறது. நீர் மட்டும் பட்டு உடனே உலர்ந்தால் பெருந்தீங்கில்லை. ஈரம் நாட்கணக்கில் தங்குவதே தீங்கு. மேலைநாடுகளில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்பிடுவர். அங்கு உப்பு துருவை விரைவுபடுத்துகிறது. சென்னைக் கடலோரத்தாருக்கும் உப்புக்காற்று உண்டு. நமக்குக் கடல் தொலைவு. நம் பகைவன் சேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சக்கரம் வாரியிறைக்கும் செம்மண் சேறு, மட்கார்டின் உச்சியிலும் விளக்குக் கிண்ணத்தின் பின்புறத்திலும் கதவை ஒட்டிய அடிமூலையிலும் அப்பிக்கொள்கிறது. மழை நின்று மேற்புறம் காய்ந்தாலும் அம்மண் நனைத்த துணிபோல ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிக்குத் தனிச் சட்டம் உண்டு. உடல் அதன்மேல் பொருந்தும். பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. தகடுகள் கூடி அமைந்த உடலே வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. எனவே அடித்தகடு அரிப்பது அழகுக்குற்றம் மட்டுமன்று, உயிருக்கும் கேடு.

புதிய வண்டிகளில் சக்கரத்திற்கு மேலே கரிய பிளாஸ்டிக் வளைவு ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். உதிரிப்பொருள் கடைகளில் அதனை ஃபெண்டர் லைனர் என்பர். சேறு தகட்டைத் தொடாமல் தடுப்பதே அதன் வேலை. எங்கள் வண்டிக்கு அது கிடையாது. ஆகவே நாங்களே செய்ய முனைந்தோம்.

முதலில் துருவை நீக்கினோம். அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்றவைக்கும் பணியை டிங்கர் பெரியவரே செய்தார். அது பயின்ற கைக்குரியது. எஞ்சிய இடங்களைக் கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் வெள்ளி ஒளிரும்வரை தேய்த்தோம். எட்டாத மூலைகளில் துருமாற்றி நீர்மம் தடவினோம். அதில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். இவ்விரண்டும் நம் நாட்டுக்குப் புதியனவல்ல. தில்லி மெஹ்ரௌலியில் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக நிற்கும் இரும்புத்தூண் பெரிதும் துருவேறாமைக்கு அவ்விரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் உருவாக்கிய காப்புப்படலம் ஒரு காரணம் என ஆய்வாளர் கூறுவர். நம் அருகேயுள்ள காளத்தியில் கலம்காரி ஓவியர்கள், இரும்புத் துண்டுகளை வெல்லநீரில் ஊறவைத்து, கடுக்காய் ஏற்றிய துணியில் அந்நீரால் எழுதிக் கருமை பெறுகிறார்கள். கடுக்காயின் டானினும் இரும்பும் கூடும் அதே வினைதான் துருவின்மேல் தடவும் டானிக் அமிலத்திலும் நிகழ்கிறது. செந்துரு கருநிறமாகி அடங்குகிறது. அதன்மேல் பிரைமரும் பெயிண்டும் இரு கை பூசினோம். துருவை நீக்காமல் தார் பூசுவது புண்ணின்மேல் பட்டுத்துணி போர்த்துவதற்கு ஒப்பாகும்.

அடுத்து மறைப்பு. இங்கே எங்கள் பிழையையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். 2022ஆம் ஆண்டு மழைக்கு முன் பழைய லாரி டியூபை வெட்டி, பசை தடவித் தகட்டோடு இறுக ஒட்டினோம். மழைக்காலம் முடிந்து பிரித்தபோது நெஞ்சு பதைத்தது. ஓரத்தில் பசை விட்ட இடத்தில் நீர் புகுந்து, வெளியேற வழியின்றித் தங்கி, புதுப்பூச்சையும் கொப்புளிக்கச் செய்திருந்தது. இறுக மூடிய மறைப்பு, மறைப்பே இல்லாமையினும் தீது என்று அன்று கற்றோம். மறைப்புக்கும் தகட்டுக்கும் நடுவே காற்றோட்டம் வேண்டும். கீழே நீர் வடிய வழி வேண்டும். கழற்றிக் கழுவ இயலவேண்டும்.

மறு ஆண்டு நீலநிறப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வாங்கினோம். அமிலமோ மருந்தோ வைத்த டிரம் ஆகாது. உணவுப்பொருள் வைத்ததே நன்று. அதன் சுவர் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிப்பு, நீரை உறிஞ்சாது. அதன் வளைவும் சக்கரக்கூட்டின் வளைவுக்கு ஏறத்தாழ ஒத்திருந்தது எங்கள் நற்பேறு.

வண்டியை ஜாக்கியில் தூக்கியபின் தாங்குகட்டையும் வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைத்தல் ஆகாது. முதலில் அட்டைப்பெட்டியை வெட்டி உட்புறத்தில் பொருத்திப் பார்த்து மாதிரி எடுத்தோம். நான்கு முறை திருத்திய பின்னரே டிரம்மில் கோடிட்டு ஆக்சா பிளேடால் அறுத்தோம். மூலைகளை வட்டமாக்கினோம்; கூர்மூலையில் கீறல் விழும்.

மாட்டுவதற்குத் தகட்டில் முன்பே இருந்த துளைகளையே பயன்படுத்தினோம். இயலாத ஈரிடங்களில் மட்டும் துளையிட்டு, துளையின் விளிம்புக்கும் பெயிண்ட் தொட்டோம். துருவேறா எஃகு போல்ட்டுகள் இட்டு, தகட்டுக்கும் மறைப்புக்கும் இடையே விரற்கடை அளவு ரப்பர் துண்டுகளை வைத்தோம். மறைப்பிலுள்ள துளைகளைச் சற்று நீளமாக்கினோம். ஏனெனில் இந்தப் பிளாஸ்டிக் வெயிலில் நீளும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 20 பாகை வெப்பம் ஏறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கூடும். இடம் கொடாவிடில் அது நெளியும்.

அடுத்தது மிக இன்றியமையாத சோதனை. ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பினோம். வண்டியில் ஐவர் ஏறி அமர்ந்து குலுக்கினோம். டயரோ பிரேக் குழாயோ எங்கும் மறைப்பை உரசலாகாது. ஓரிடத்தில் டயர் உரசிய தடம் தெரிந்தது. அங்கே இரண்டு விரல் அகலம் வெட்டி நீக்கினோம். சோம்பலால் இதனை விட்டிருந்தால், மலைப்பாதை வளைவில் தீமை நேர்ந்திருக்கக்கூடும்.

அவ்வாண்டு மழை முடிந்ததும் மறைப்புகளைக் கழற்றினோம். அவற்றின் கீழ்ப்புறத்திலிருந்து உதிர்ந்த சேறு ஒரு சட்டி நிறைந்தது. அவ்வளவும் முன்னர்த் தகட்டின்மேல் தங்கிய சேறு! உட்புறத்தில் செந்தூசி மட்டுமே படிந்திருந்தது. ஒரு போல்ட்டின் அருகே காசளவு துரு கண்டோம், தேய்த்துப் பூசினோம். துருவை ஒருமுறை வென்று ஓய்ந்துவிட இயலாது, ஆண்டுதோறும் வெல்லவேண்டும்.

எங்கள் தந்தையாருக்கு இப்போது அகவை 84. கண்பார்வை மங்கிவிட்டது. அன்று நாற்காலியை வண்டியின் அருகே இடச்செய்து அமர்ந்தார். கழற்றிய சக்கரத்தின் இடத்தில் கையை உள்ளே நீட்டி, தகட்டை நெடுநேரம் தடவிப் பார்த்தார். பிறகு விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்து, "ஈரம் இல்லை" என்றார். வேறொன்றும் கூறவில்லை. அன்று மாலை அவர் கேட்டு வாங்கி உணவு உண்டார். அந்தப் பொங்கலுக்கு முன்னிருக்கையில் அமர்ந்து ஊருக்கு வந்தார்.

அன்பர்களே! ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியின் சக்கரக்கூட்டில் கைவிட்டுப் பாருங்கள். புதிய வண்டியாயினும் அதன் மறைப்பு உடைந்துள்ளதா, நீர் வடியும் துளைகள் அடைபட்டுள்ளனவா என்று நோக்குங்கள். பத்மினி வைத்திருப்போருக்கு எங்கள் அட்டை மாதிரிகளை மகிழ்வுடன் தருவோம். உடன் வந்து கைகொடுக்கவும் ஆயத்தமாயிருக்கிறோம்.

வண்டிக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும் என்று கருதுகிறோம். அயலூரில் வாழும் நாம் நம் மொழியை அயலாரிடமிருந்து இறுக மூடிக் காக்க இயலாது, காற்றோட்டம் வேண்டும். ஆனால் ஆண்டுக்கொருமுறையேனும் உட்புறம் கைவிட்டு, எங்கேனும் ஈரம் தங்கிவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தானே இந்த ஆண்டு விழாவும்!