கேட்டறிந்து கொடுப்போம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆசிரியப் பணியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றவன் யான். எங்கள் பள்ளிக்கு ஒருமுறை செல்வர் ஒருவர் பெரியதோர் இரும்புப் பீரோவை வழங்கினார். கதவில் அவர்தம் பெயர் இருந்தது. உள்ளே வைக்கத்தான் நூல் இல்லை! பிள்ளைகளுக்கு அன்று வேண்டியிருந்தவை கவராயமும் பாகைமானியும் அடங்கிய நாற்பது பெட்டிகள். என் சம்பளத்தில் வாங்கிய ஐந்து பெட்டிகளே வகுப்பு முழுதும் கைமாறின. கொடுத்தவரைக் குறை கூறேன். அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இக்குறை நம் நாட்டிற்கே உரியதன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் ஆசிரியர்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டு வகுப்பு நடத்துகின்றனர். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஆசிரியராயிருந்த சார்லஸ் பெஸ்ட் என்னும் இளைஞர், இதற்கு வழி தேடி, 2000-ஆம் ஆண்டில் ‘டோனர்ஸ் சூஸ்’ என்னும் இணையதளத்தைத் தொடங்கினார். வேண்டும் பொருளையும் அதன் பயனையும் ஆசிரியர் அதில் எழுதுவார். படிப்போர் விரும்பிய வேண்டுகோளுக்கு இயன்றதை அளிப்பர். தொகை நிறைந்ததும் நிறுவனமே பொருளை வாங்கிப் பள்ளிக்கு அனுப்பும். ஆசிரியர் கையில் பணம் தருவதில்லை. ஆகவே ஐயத்திற்கு இடமில்லை.

முதலில் எழுத எவரும் முன்வரவில்லை. தம் தாயார் செய்த பேரிக்காய்ப் பண்டத்தைக் கொடுத்துச் சக ஆசிரியர்களை எழுத வைத்தார் பெஸ்ட். வந்த பதினொரு வேண்டுகோள்களுள் பெரும்பாலானவற்றுக்குத் தாமே பெயர் கூறாது பணம் செலுத்தினார். அவ்வாறு முளைத்த தளத்தில் 2018-ஆம் ஆண்டு, ‘ரிப்பிள்’ நிறுவனம் 2 கோடியே 90 இலட்சம் டாலர் அளித்து, காத்திருந்த 35,000-க்கும் மேற்பட்ட வேண்டுகோள்களை ஒருங்கே நிறைவேற்றியது.

நமக்கு இது புதிதன்று. காமராசர் ஆட்சியில் 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், நம் ஊரார் தத்தம் பள்ளியின் தேவைகளை அறிந்து வாரி வழங்கினர் அல்லரோ? ஊரை விட்டு வந்த நமக்கும் இன்று அவ்வாயில் திறந்தே உள்ளது. தமிழக அரசுப் பள்ளிகளுக்கென 2022-இல் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ தொடங்கப் பெற்றது. நாம் வாழும் இவ்விடத்துப் பள்ளிகளுக்கு, மைய அரசு 2021-இல் விரிவாக்கிய ‘வித்யாஞ்சலி’ தளம் உள்ளது. பிறந்த மண்ணுக்கும் செய்யலாம். பிழைக்க வந்த மண்ணுக்கும் செய்யலாம்.

ஒன்று கூறுவேன். கட்டடமும் ஆசிரியரும் தருவது அரசின் கடமை. நம் கொடை அதற்கு ஈடாகாது. ஆயினும், அரசு வரும்வரை பிள்ளையின் வயது காத்திராது.

ஆதலின், இக்காலனியின் ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுப்போமாக! நமக்குத் தோன்றியதை அன்று, ஆசிரியர் கேட்டதைக் கொடுப்போமாக! கதவில் பெயர் வேண்டா; கவராயம் பிடித்த பிள்ளை சரியாக வரையும் ஒரு வட்டம் போதும்.